பல்லழைப்பாரின் பித்தளைக் குழல்

பல் முளைக்காத பிள்ளைகள் நம் தெருக்களில் இத்தனை பேர் இருப்பது பல்லழைப்பார் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. சலவைக்கடை மாடியில் அவர் அறை. வரிசையோ படியிறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி நின்றது.

பிள்ளையின் கன்னத்தில் பித்தளைக் குழலை வைத்துக் காதைக் கொடுப்பார். உள்ளே ஒளிந்திருக்கும் பல் பேசுமாம். பிறகு குழலில் ஊதி அதைக் கூப்பிடுவார். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டே மாதத்தில் முன்பல் எட்டிப் பார்த்தது. ஏழு வயதில் அது எப்படியும் எட்டிப் பார்க்கும் என்பது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

தையல்காரியின் மகளுக்குப் பதின்மூன்று வயது. மேலே ஒரு கோரைப்பல் இறங்கவே இல்லை. மூன்று முறை அளக்காமல் கத்தரியைத் தொடாதவள், மகள் வாயை மட்டும் அளக்காமலே அவரிடம் ஒப்படைத்திருந்தாள். ஐந்து மாதம் ஊதியாயிற்று.

"கோவிச்சிட்டிருக்கும்மா. பிடிவாதக்காரப் பல்லு," என்றார் அவர்.

பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவள் நாத்தனார், அண்ணன் மகளைத் தானே கூட்டிப்போய் எடுத்த படத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"பாருங்க அண்ணி. பல்லு எலும்புக்குள்ள படுத்துக்கிட்டு முன்பல் வேரை முட்டுது. இப்படியே விட்டா அந்த வேரையும் அரிச்சிடும்."

"அவரு காதாலயே கேட்டிருக்காரு. உன் மெஷினுக்குக் காது இருக்கா?"

"அப்படியா? நாளைக்கு என் பையனையும் கூட்டிட்டு வர்றேன். அவனுக்கும் ஒரு பல்லு வரல."

மறுநாள் தையல்காரியும் மகளும் பார்த்திருக்க, பல்லழைப்பார் அந்தப் பையன் கன்னத்தில் குழலை வைத்தார். கண்ணை மூடினார்.

"நல்லாப் பேசுது. வர்றேங்குது."

"பல்லு நிச்சயமா இருக்குதுங்களா ஐயா?"

"பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது."

நாத்தனார் இன்னொரு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இது இவன் வாய். அந்த இடத்துல பல்லே கிடையாது. பிறவியிலேயே உருவாகல. இப்ப உங்ககிட்ட பேசினது யாரு?"

பல்லழைப்பார் குழலைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"இல்லாத பல்லையே பேச வைக்கிறார்னா என்ன சக்தி பாருங்க," என்றார் வரிசையில் நின்ற ஒரு தகப்பன். நாலு பேர் தலையாட்டினார்கள்.

தையல்காரி தலையாட்டவில்லை. "ஐயா, என் பொண்ணு பல்லு நிக்குதா, படுத்திருக்கா? அஞ்சு மாசமா அதோட பேசறீங்களே."

"நேரா நிக்குதும்மா."

அவள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

அடுத்த வாரம் டாக்டர் ஈறைக் கீறி, பல்லில் பொடிச் சங்கிலி ஒட்டி, பல்வரிசையில் மாட்டிய கம்பியில் கோத்தார். மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் இறங்குமாம். பல்லழைப்பார் அறையைக் காலி செய்துவிட்டார். தலையாட்டிய நாலு பேர் அவருடைய புது முகவரியை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். புதைந்த பல்லை இழுக்க ஆஸ்பத்திரியில் சங்கிலி இருக்கிறது. புதைந்த புத்தியை அவரவர்தான் இழுத்துக்கொள்ள வேண்டும்.