புள்ளிவிபரவியலை அயன் பண்ணிய நாள்

அன்று எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி யார் யார் நின்றோம் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஆளாளுக்குக் கதையை மாற்றிச் சொல்லித் திரிகிறார்கள். ஒன்று, நான். இரண்டு, என் கணவர் ரமணன் (சுகயீன லீவில் நின்றவர், வருத்தம் என்னவென்று இன்றுவரை தெரியாது). மூன்று, மேல்மாடி சரோ அக்கா. நான்கு, சரோ அக்காவுக்கு அவருடைய மகன் லண்டனிலிருந்து அனுப்பிய அயன் பொக்ஸ். வேறு ஒருவரும் இல்லை. தானும் நின்றதாகச் சத்தியம் செய்யும் என் மச்சாள் அந்த நேரம் வத்தளையில், தன் வீட்டில் இருந்தாள்.

மேசையில் கிடந்தது என் டிப்ளோமா பெறுபேற்றுத் தாள். லெமினேட் செய்யப்பட்டது. பிரச்சினையே அதுதான்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. காஸ் மூடினேனா என்று பார்ப்பதற்காகப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தவள். ஆனால் கடதாசி விஷயத்தில் என் பயத்துக்கு நியாயம் உண்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தோம். வழியில் எங்கேயோ என் பாடசாலை விடுகைப் பத்திரம் தொலைந்துபோனது. கொழும்பில் அம்மாவும் நானும் ஏறி இறங்கிய பள்ளிக்கூடம் எல்லாம் அதைத்தான் கேட்டது. அத்தோடு என் படிப்பு முடிந்து, காலி வீதியில் ஒரு சாரிக்கடையின் காசு மேசை தொடங்கியது.

அன்றிலிருந்து என் பெயர் எழுதிய கடதாசி எது கைக்கு வந்தாலும், நேரே மூலைக் கொம்யூனிகேஷன் கடைக்குக் கொண்டோடி லெமினேட் செய்துவிடுவேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, ஃபிரிட்ஜின் உத்தரவாதக் கார்ட், ரமணனின் கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்.

"ஒருநாளைக்கு என்னையும் கொண்டுபோய்க் குடுக்கப்போறீர்" என்பார் ரமணன்.

சாதாரண தரப் பரீட்சையைப் பிறகு வெளியிலிருந்து எழுதி ஒருமாதிரிப் பாஸ் பண்ணினேன். முப்பத்தேழு வயதில், கடை விட்டதும் மட்டக்குளி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கல்லூரியில் இரண்டு வருடம் மாலை வகுப்புப் படித்தேன். அந்த டிப்ளோமா இருந்தால் ஒரு பல்கலைக்கழகம் பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்திலேயே நேரடியாகச் சேர்க்கும். நிபந்தனைகள்: ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டம், மூலப் பெறுபேற்றுத் தாள், அதில் புள்ளிவிபரவியலுக்குக் குறைந்தது ஒரு ‘சி’.

முதல்முறை எனக்குப் புள்ளிவிபரவியல் ஃபெயில். இரண்டாம் முறை ‘சி’. ஒரு மார்க் கூடுதலும் இல்லை, ஒரு மார்க் குறைவும் இல்லை. அந்த எழுத்தை ரமணனுக்குக் காட்டுவதற்கு முன்னமே லெமினேட் செய்துவிட்டேன்.

விண்ணப்பத்தின் கடைசி நாள். (கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தாய் என்று கேட்காதீர்கள். பதினொரு தரம் சரிபார்த்தேன், நாட்கள் போய்விட்டன.) காலை ஒன்பது மணிக்குப் பல்கலைக்கழகக் கவுண்டரில் நின்றேன். கண்ணாடி போட்ட மிஸ் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாத்தான் செய்திருக்கிறீங்க. நான் எங்கே ஸீல் குத்துறது?" என்றார் சிங்களத்தில்.

"அதுக்கு மேலேயே குத்துங்கோ மிஸ்" என்றேன், நானும் என் சிங்களத்தில்.

குத்திக் காட்டினார். விரலால் ஒரு தடவு தடவினார். பல்கலைக்கழகத்தின் ஸீல் அவருடைய விரலுக்கு இடம் மாறியது.

"ஒரிஜினலின் பின்பக்கம்தான் குத்தவேணும். ஒரிஜினலைக் கொண்டு வாங்க."

"இதுதான் மிஸ் ஒரிஜினல்."

"இது பிளாஸ்டிக். ஒரிஜினல் உள்ளுக்கு இருக்கு. நாலு மணிக்குக் கவுண்டர் மூடுவன்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. நான் வைத்த ஒப்பாரியில் சரோ அக்கா மேலிருந்து இறங்கி வந்தார்.

"உதுக்கே பிள்ளை அழுறாய்? சூட்டில ஒட்டினது சூட்டில கழலும். துணியைப் போட்டு மேலால ஒருக்கா அயன் பண்ணினாச் சரி."

"சரோ அக்கா, முந்தி எப்பவாவது செய்து பாத்தனீங்களே?" என்று ரமணன் கேட்டார்.

"தம்பி, நீர் காய்ச்சல்காரன். போய்ப் படும்."

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் இளகியது, ஓரம் கிளம்பியது. நான் நுனியைப் பிடித்து இழுக்க அது அழகாக உரிந்து வந்தது. என் பெயர் தாளில் நின்றது. கணக்கியல் நின்றது, பொருளியல் நின்றது, ஆங்கிலம் நின்றது. புள்ளிவிபரவியல் வரி மட்டும் பிளாஸ்டிக்கோடு கிளம்பிவிட்டது. அந்த ‘சி’ என் கையில் கண்ணாடி போன்ற தாளில் தலைகீழாகத் தொங்கியது.

நான் கத்தினேன். சரோ அக்கா பதறி அயன் பொக்ஸை மிச்சப் பிளாஸ்டிக்கின் மேலேயே வைத்துவிட்டார். புகை வந்தது. தட்டின் அடியில் கறுப்பாக ஏதோ உருகிப் படிந்தது. லண்டன் அயன் பொக்ஸின் சேவைக்காலம் அத்தோடு முடிந்தது.

"இனி அடுத்த வருஷம் பாப்பம்" என்றார் ரமணன், மெதுவாக.

அந்த வார்த்தைதான் என்னை எழுப்பியது. அம்மாவுக்கும் எனக்கும் அன்று பள்ளிக்கூட வாசலில் சொன்னதும் இதேதான். தாளையும் பிளாஸ்டிக்கையும் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு மட்டக்குளி பஸ் பிடித்தேன். மருதானையில் பஸ் அரை மணித்தியாலம் அசையவில்லை. நான் நிமிடத்துக்கு ஒரு தரம் மணி பார்ப்பதைக் கண்டு பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

கொட்டாஞ்சேனையில் கல்லூரிப் பதிவாளர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"தொலைஞ்சா பொலிஸ் என்ட்ரி கொண்டு வாங்க, ஃபோர்ம் இருக்கு. கிழிஞ்சா கிழிஞ்ச துண்டக் கொண்டு வாங்க, அதுக்கும் ஃபோர்ம் இருக்கு. அயன் பண்ணினதுக்கு ஃபோர்ம் இல்லம்மா."

"அப்ப புதுசா ஒண்டு தாங்கோ சேர்."

"பத்து வேலை நாள்."

"இருக்கிறன்" என்றேன்.

"எங்க?"

"இந்தக் கதிரையிலதான். பதினைஞ்சு வயசில ஒரு கடதாசி இல்லையெண்டு திருப்பி அனுப்பினவை சேர். அப்ப பேசாமப் போனனான். இப்ப போகமாட்டன்."

கைக்கு ஏதாவது வேலை கொடுக்கவேண்டுமென்று பையைத் துழாவி ஒரு மீன் பணிஸை எடுத்துக் கடித்தேன். (எந்த அலுவலகத்துக்கும் சாப்பாடு இல்லாமல் போகமாட்டேன்.) அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மரியாதைக்கு இரண்டாவது பணிஸை அவருக்கு நீட்டினேன்.

"பத்து நாளைக்கும் கொண்டு வந்திருக்கிறீங்களோ?" என்றார்.

"இல்லை சேர். ஆனா கீழ பேக்கரி இருக்கு."

அவர் சிரித்ததை அன்றுதான் முதல்முறை கண்டேன். எழுந்துபோய்ப் புள்ளிப் பதிவேட்டை இறக்கி, தூசி தட்டி, என் பெயரில் விரல் வைத்தார். கல்லூரிக் கடிதத்தாளில் எல்லாப் பெறுபேறுகளையும் கையால் எழுதி, ‘பதிவேட்டின்படி சரியானது’ என்று ஒப்பமிட்டு, ஸீல் குத்தினார். ஸீல் கடதாசியில் அசையாமல் நின்றது. நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

ஆட்டோவில் திரும்பினேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கவுண்டர் மிஸ் கடிதத்தைப் படித்தார், பிறகு சாப்பாட்டுப் பெட்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ காட்டினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வந்து கடிதத்தின் பின்பக்கத்தில் ஸீல் குத்தி, ஒரு பற்றுச்சீட்டைத் தந்தார். நான் அதை இரண்டு கையாலும் வாங்கியபோது அவர் சொன்னார்:

"நோனா, மேக்க லெமினேட் கரன்ன எப்பா."

இதை லெமினேட் பண்ணிவிடாதீர்கள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து நான் செய்த பெரிய பிழை, அதை ரமணனிடம் சொன்னது. இப்போது எங்கள் வீட்டில் லைட் பில் வந்தாலும், கல்யாணக் கார்ட் வந்தாலும், மச்சாளின் குழந்தையை முதன்முதல் மடியில் தந்தபோதும் அதே சிங்கள வசனம்தான். இரண்டாம் வருடத்தில் சேர்ந்தேன். பட்டமும் எடுத்தேன். பட்டச் சான்றிதழ் இன்றைக்கும் வெறும் ஃபைலுக்குள்தான் இருக்கிறது. மழை இருட்டினால் நான்தான் நித்திரையில்லாமல் இருக்கிறேன்.

அயன் பொக்ஸுக்குக் காசு கொடுக்கப் பலமுறை போய்விட்டேன். சரோ அக்கா வாங்குவதாக இல்லை.

"வைச்சிரு பிள்ளை. காசைத் தந்திட்டியெண்டா நான் என்ன சாட்டுச் சொல்லி நாளாந்தம் உன்னட்டைத் தேத்தண்ணிக்கு வாறது?"

வருகிறார், குடிக்கிறார், கதையை முதலிலிருந்து சொல்கிறார், கணக்கையும் புதுப்பிக்கிறார். மகன் வாங்கிய விலை இருபத்தைந்து ஸ்டேர்லிங் பவுண். அது எரிந்த அன்று ஆறாயிரம் ரூபாவுக்குள் முடிந்திருக்கும். ரூபா விழ விழ என் கடன் ஏறுகிறது. நேற்றுத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவர் சொன்ன கணக்கின்படி, இன்னும் கொடுக்க வேண்டியது பத்தாயிரத்து நூறு ரூபா.