கூடுதலாக ஒரு நகை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, போன வருஷம்தான் 'அலுவலக ஆபரண ஒழுங்குக் குழு'வைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது சாதனை நிகழ்ந்த இடம், ஊரிலுள்ள லிஃப்ட்களையெல்லாம் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தின் மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் மட்டும் ஓடாது என்பதால், வரலாறு அங்கே படியேறித்தான் போக வேண்டியிருந்தது.

குழுவை நிறுவியவர் மேலாளர். ஒரு விருந்தில் அவர் அழகியல் ஆலோசகர் ஒருவரைச் சந்தித்தார். ஆலோசகர் அவருடைய டை ஊசியையும் பெல்ட் கொக்கியையும் மாறி மாறிப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஊசி வெள்ளி, கொக்கி பித்தளை. அன்றிலிருந்து மேலாளருக்குச் சோறு இறங்கவில்லை. மறு வாரமே ஆலோசகர் சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

விதிகள் பிறந்தன. தங்கமும் வெள்ளியும் ஓர் உடம்பில் சேரக் கூடாது. கழுத்து 'பேசினால்' காது 'மௌனம் காக்க' வேண்டும். கல் வைத்த எதுவும் பொழுது சாயும் முன் மின்னக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு காதும் ஒன்றுக்கொன்று 'விசுவாசமாக' இருக்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்பவருக்கு ரசனை கிடையாது என்று ஆலோசகர் முதல் நாளே சொல்லிவிட்டார். ரசனை கிடையாது என்று பேர் வாங்க யாருக்குத்தான் மனசு வரும்?

அலுவலகம் ஒரே நாளில் பண்பட்டது. கணக்கருக்குக் கல்யாண மோதிரம் தங்கம், கைக்கடிகாரம் எஃகு. மோதிரத்தைக் கழற்றினால் வீட்டில் குடியிருக்க முடியாது என்று கடிகாரத்தைக் கழற்றினார். அதற்கப்புறம் மணி என்ன, மணி என்ன என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டு அலைந்தார். 'ஸ்பேனர்' என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக்கின் இடுப்புச் சாவிக்கொத்து 'ஓசையிடும் ஆபரணம்' என்று முடிவாயிற்று. ஒவ்வொரு சாவிக்கும் துணி சுற்றிக்கொண்டான். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று அவிழ்த்து அவிழ்த்துப் பார்ப்பதில் அவன் பாதிப் பொழுது போயிற்று.

இந்தப் பொற்காலத்தில் போன் அக்காவின் முறையும் வந்தது. லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் கூப்பிடுவது அவளைத்தான். "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கு, அதுவரைக்கும் என்கிட்ட பேசிக்கிட்டு இருங்க" என்று அவள் சொன்னால் இருட்டுப் பெட்டிக்குள் நிற்பவருக்கும் மூச்சு வரும். ஆலோசகர் அவள் எதிரில் வந்து குனிந்து பார்த்தார்.

"வலது காதுல என்னம்மா கூடுதலா ஒரு நகை?"

"நகை இல்ல சார், காது மெஷின். இது இருந்தாத்தான் எனக்குக் கேக்கும்."

"இடது காதுல காணோமே?"

"அந்தக் காது சின்ன வயசுலயே காய்ச்சல்ல போயிடுச்சு சார். அதுல மாட்டினாலும் ஒண்ணும் பிரயோஜனம் இல்ல."

"கேக்குதா இல்லையாங்கறது உங்க சொந்த விஷயம். நான் பாக்கறது சமநிலை. தங்கத் தோடு, பக்கத்துலயே சாம்பல் கலர்ல ஒண்ணு. ஒரே காதுல ரெண்டு உலோகம்!"

"அது பிளாஸ்டிக் சார்."

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். பிளாஸ்டிக் என்ற சொல்லை அவர் அதற்கு முன் ஒரு பெண் வாயால் கேட்டதில்லை போலும்.

குழு கூடியது. மேலாளர், ஆலோசகர், மூன்றாவது ஆள் வேண்டுமே என்பதற்காகக் கணக்கர். "பிறர் கண்ணில் படுவது எதுவும் ஆபரணமே" என்று ஆலோசகர் இலக்கணம் வகுத்தார்.

"அப்ப மேனேஜர் சாரோட மூக்குக் கண்ணாடி?" என்று கணக்கர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அது ரெண்டு கண்ணுக்கும் சமமா இருக்கே!"

இந்தத் தர்க்கத்துக்குக் கணக்கரும் கையெழுத்துப் போட்டார். இரண்டு காதிலும் அணிக, அல்லது இரண்டிலும் அணியாதிருக்க என்று தீர்மானம் நிறைவேறியது. இன்னொரு மெஷின் வாங்குவது அக்காவின் சம்பளத்துக்கு நடக்கிற காரியமில்லை.

"வேலையே வேணாம்னு எழுந்து வந்துடேன்" என்றார் வீட்டில் அவள் கணவர். அவர் தையற்காரர், முதுகுவலியால் சில மாதமாக மெஷினில் உட்கார முடியவில்லை.

"வந்துட்டு? உங்க முதுகு தேறுற வரைக்கும் அடுப்பு எரிய வேணாமா?"

மறுநாள் அவள் கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள். எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்து ஒருவாறு புரிந்துகொள்வாள். போனுக்கு ஏது உதடு? அதில் விளக்கு மினுக்கினால் எடுப்பாள். "வணக்கம், உங்கள் அழைப்புக்கு நன்றி, உங்கள் குறை கவனிக்கப்படும்" என்பாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிடுவாள். குரலில் சிரிப்பு இருக்க வேண்டும் என்பதும் அலுவலக விதிதான்.

அதிசயம் நடந்தது. புகார்கள் நின்றுபோயின! மேலாளர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் கோடு மலையிலிருந்து உருண்டு தரையில் விழுந்து கிடந்தது. ஆபரண ஒழுங்கு லிஃப்ட்களையே திருத்திவிட்டதாகத் தலைமையகத்துக்குச் செய்தி போனது. மகிழ்ந்த நிறுவனத் தலைவர், தாமே வந்து கேடயம் தருவதாகச் சொல்லியனுப்பினார்.

"என்னக்கா, ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் திடீர்னு திருந்திடுச்சா?" என்று ஸ்பேனர் கொட்டாவி விட்டான்.

அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், புகார் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. எனக்குத்தான் கேக்கல."

மேலாளர் கதவைச் சாத்தினார். அவளுக்குப் புரிய வேண்டுமே என்று உதட்டை நன்றாக அசைத்து, கருணையோடு பேசினார்.

"நீங்க கேட்டுக்கிட்டு இருந்த வரைக்கும் புகார் இருந்துச்சு. இப்ப இல்ல. இதுல கம்பெனிக்கு எதும்மா நல்லது?"

இரண்டு நாள் கழித்து ஒரு நிறைமாதக் கர்ப்பிணி படியேறி வந்தாள். மாடிப்படித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, "இங்க போன் எடுக்கறது யாரு?" என்று கேட்டாள். கணக்கர் கையைக் காட்டினார். வந்தவளின் உதடு நடுங்கிய நடுக்கத்தில் அக்காவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கைப்பையைத் துழாவிக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நேத்து லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். இருட்டு. திரும்பத் திரும்ப உங்களைத்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிட்டு வச்சிட்டீங்க. அதுவும் சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரை வச்சுத் திறக்கலைன்னா என்ன ஆயிருக்கும்? நான் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணினேன்?"

அக்கா வாழ்க்கையில் அப்படிக் கூசிப்போனதில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலைவர் வரட்டும், வேலை போனாலும் போகட்டும், அவரிடமே சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தாள்.

தலைவர் வந்தார். மூன்று மாடி ஏறி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடையில் நின்றார். அவருடைய வலது காதில் ஒரு கருவி. இடது காதில் ஒன்றுமில்லை.

ஆலோசகர் முகம் வெளிறியது. ஆனால் மேதைகள் தடுமாறுவது கண நேரம்தான். "ஒற்றைக் காது அழகு!" என்று மேலாளரிடம் கிசுகிசுத்தார். "இதைத்தானே சார் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்!" மேலாளரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

கேடயம் வாங்க அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் கருவியோடுதான் போனாள். கேடயத்தை வாங்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். காதிலிருந்து கழற்றச் சொன்னது, கேட்காத போன், இருட்டுக்குள் கூப்பிட்ட கர்ப்பிணி. தலைவர் கனிவாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. இப்படியே தொடர்ந்து செய்ங்க" என்று கேடயத்தை அவள் கையில் திணித்தார்.

அவள் அண்ணாந்து அவர் காதைப் பார்த்தாள். கருவியின் அடியில் பேட்டரி வைக்கும் குட்டிக் கதவு திறந்து கிடந்தது. இந்தக் கருவி போடுகிறவர்களுக்குத்தான் தெரியும், கதவு திறந்திருந்தால் அது வேலை செய்யாது. தூங்கப் போகும்போது அப்படித் திறந்து வைப்பார்கள்.

குழு அவசரமாகக் கூடி விதியைத் திருத்தியது. இனி எல்லாரும் வலது காதில் கருவி அணிய வேண்டும். நல்ல காதுக்காரர்களுக்குத் தலைவருடையதை அப்படியே அச்செடுத்து வெறும் கூடு செய்து கொடுத்தார்கள். அக்காவுக்குப் பழையபடி கேட்டது. புகார்கள் வந்தன. ஸ்பேனர் சாவிகளின் துணியை உருவி எறிந்துவிட்டு ஓடினான். சுவரிலிருந்த கோடு மறுபடி மலையேறியது. மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆலோசகரைச் சோதனைக்கு அனுப்பினார்.

ஆலோசகர் பூதக்கண்ணாடியோடு வந்து ஒவ்வொரு காதாகப் பார்த்து, அக்காவிடம் நின்றார்.

"தலைவர் காதுல அந்தச் சின்னக் கதவு திறந்திருந்துச்சு. மேனேஜர் சார் காதுலயும் திறந்துதான் இருக்கு. உங்களோடது மட்டும் ஏம்மா மூடியிருக்கு? அழகே கெட்டுப்போச்சு!"

"மூடினாத்தான் சார் கேக்கும்."

"கேக்கறதுக்கா?" ஆலோசகர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "கேக்கறதுக்காக இதை மாட்டினவங்க இந்தக் கம்பெனியில வேற யாராவது இருக்காங்களா, காட்டுங்க பாப்போம்!"

போன் அடித்தது. அக்கா அதன்மேல் கையை வைத்தபடி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். எல்லார் காதிலும் கருவி, எல்லாக் கருவியிலும் திறந்த கதவு. ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பொய் கலக்காமல் சொன்னது இது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது.