நான் ரிஜெக்ட் செய்த கடல் கண்ணாடிகள்

குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற ஆளைத் தயவுசெய்து எங்கேயும் சுற்றுலா அழைத்துப் போகாதீர்கள். போனால் உங்கள் காசும் தண்டம், அந்த ஆளின் மானமும் தண்டம். யாரையோ திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆள் நான்தான்.

ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கிற ஒரு கம்பெனியில், கடைசிப் பரிசோதனை மேஜையில் எனக்கு வேலை. பெட்டிக்குள் போகும் முன்னால் ஒவ்வொரு ஜோடியும் என் கைக்கு வரும். தையலில் ஒரு நூல் விலகியிருந்தாலும், தோலில் கொசு கடித்த அளவுக்கு ஒரு தழும்பு இருந்தாலும், அந்த இடத்தில் ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவேன். வாய் திறக்க வேண்டியதே இல்லை, ஷூ வந்த வழியே திரும்பிப் போய்விடும். அந்த அம்புகள் என் கைப்பையிலும் புடவைத் தலைப்பிலும் எந்நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். (ஒருமுறை கோயிலில் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் பிள்ளையார் தும்பிக்கையில் ஒன்று இருந்தது. அதை நான் வேண்டுமென்று ஒட்டவில்லை.)

வீட்டிலும் இதே லட்சணம்தான். திரைச்சீலை கோணல், இட்லி ஒரு பக்கம் சப்பை, பக்கத்து வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி கம்மி. என் வீட்டுக்காரர் பாஸ்கர் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருக்கிறார். ரொம்பப் பொறுமைசாலி. ஒருநாள் அவரே தாங்காமல் கேட்டார்.

“ஏன் சாந்தி, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எனக்கு எத்தினி அம்பு ஒட்டின?”

“அப்ப நான் வேலைக்குச் சேரலைங்க. சேர்ந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

இப்படிப்பட்ட எனக்கு ஓர் ஆசை வந்தது. யாரோ அனுப்பிய வீடியோவில், ஒரு பெண் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் குப்புறப் படுத்து மிதக்கிறாள். அவளுக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கூட்டம் கூட்டமாகப் போகின்றன. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. சாவதற்குள் அதை ஒருமுறை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அந்தமான் ஜபம் ஆரம்பித்தேன்.

“அந்தமானா? ஏலகிரி போலாமே. காலைல போனா சாயங்காலம் வந்துடலாம்” என்றார் அவர்.

“ஏலகிரியில கடல் இருக்குதா?”

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“பாலாத்தங்கரையில பொறந்தவனுக்கு எவன் நீச்சல் கத்துக்குடுப்பான்? அதுல முழுகணும்னா குழியில்ல தோண்டணும்!”

இரண்டு வருஷம் விடாமல் நச்சரித்து டிக்கெட் போட வைத்தேன். கம்பெனியில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்தேன். கிளம்பும் முந்தின நாள், பக்கத்து மேஜை ரெஹானா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நாங்கல்லாம் எங்க போய் பாக்கப் போறோம்? நீ பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லணும்” என்றாள். சொல்கிறேன் என்று சத்தியமே செய்துகொடுத்தேன்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் கடலை முதலில் பார்த்ததும் கூட வந்தவர்கள் எல்லோரும் “ஆஹா!” என்றார்கள். நான் மட்டும், “ஐயையோ, யாரு குரோம் தண்ணியத் தொறந்து வுட்டது?” என்று கேட்டேன். டேனரியில் தோல் பதனிடும் குரோம் தண்ணீர் அசலாக இதே பச்சை நீலத்தில்தான் இருக்கும். எங்கள் பக்கம் ஓடையில் அந்த நிறத்தைப் பார்த்தால் பெட்டிஷன் எழுதுவோம், போட்டோ எடுக்க மாட்டோம்.

மறுநாள் காலையில்தான் மீன் பார்க்கும் படகு. அன்று மத்தியானமே தீவைவிட்டுக் கிளம்புகிறோம். ஆக என் இரண்டு வருஷத் தவத்துக்கு இருந்தது அந்த ஒரே காலை, அதிலும் தண்ணீருக்குள் அரை மணி நேரம்.

படகுக்காரர் பீட்டர், போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். படகில் நாங்கள் பன்னிரண்டு பேர். ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய மாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி, மூச்சு விட வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழாய். “ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க, கடல் வத்துறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்” என்றார்.

எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுப்பேனா? பட்டையை இழுத்துப் பார்த்தேன், தொங்கியது. ரப்பர் விளிம்பை மடக்கிப் பார்த்தேன், பல்லி வால் மாதிரி மெல்லிசாக ஒரு வெடிப்பு. கண்ணாடியை வெயிலில் காட்டினேன், கீறல். குழாயை முகர்ந்து பார்த்தேன், அதைச் சொல்லாமல் விடுகிறேன். என் கை தன்பாட்டுக்குக் கைப்பைக்குள் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் உணர்வதற்குள் கூடையில் மிச்சமிருந்த மாஸ்க் எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு.

“இன்னா பண்ற நீ?” என்று என் வீட்டுக்காரர் காதோடு பல்லைக் கடித்தார்.

“எல்லாம் டேமேஜ் பீஸுங்க.”

“நாம இன்னா விலைக்கு வாங்கிக்கினா போப் போறோம்? அரை மணி நேரம்மா!”

இதற்குள் பக்கத்தில் இருந்த கோயம்புத்தூர்ப் புது ஜோடிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பெண் தன் மாஸ்க்கை என்னிடம் நீட்டி, “இது நல்லா இருக்குதுங்களா பாருங்க” என்றாள். பார்த்தேன். அம்பு. அவள் கணவனுடையது. அம்பு. அடுத்து ஒரு பெரியவர் வரிசையில் நின்றார். நான் உட்கார, முன்னால் கூட்டம் நிற்க, சத்தியமாக ஆம்பூர் மேஜை மாதிரியே ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் படகில் இருந்த ஒரு மாஸ்க்கும் பாஸ் இல்லை, இதைப் போட்டுக்கொண்டு ஒருத்தரும் இறங்க மாட்டோம் என்று ஒரே கூச்சல்.

பீட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அக்கா, ஏன்க்கா? வருஷக்கணக்கா இதைத்தான் மாட்டி விடுறேன். ஒருத்தர்கூட ஒண்ணும் சொன்னதில்லைக்கா” என்றவர், எல்லோருக்கும் நம்பிக்கை வரட்டும் என்று ஒரு மாஸ்க்கை எடுத்தார். கண்ணாடியின் உள்பக்கம் ‘த்தூ’ என்று துப்பினார். விரலால் நன்றாகத் தேய்த்தார். கடல் தண்ணீரில் ஒரு அலசு அலசி, “இந்தாங்க, இப்பப் போடுங்க, பளிச்னு தெரியும்” என்று என்னிடம் நீட்டினார்.

எச்சில் பட்ட டம்ளரை மூன்று தரம் கழுவுகிற வீட்டில் பிறந்தவள் நான். அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பேன். எவனோ துப்பியதை மூஞ்சியில் மாட்டிக்கொள்வதா? “ச்சீ! உங்க எச்சிலையா?” என்றேன்.

“சரி, என்னுது வேணாம், நீங்களே துப்பிக்கங்க. எச்சில் தேய்க்கலைன்னா ஆவி அடிச்சு மூடிக்கும்க்கா.”

“எம்மூஞ்சிக்கு நானே துப்பிக்கணுமா?” படகே சிரித்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. “புதுசு இருக்குதா, இல்லியா? அத்தச் சொல்லுங்க மொதல்ல!”

இருந்தது. ஒரே ஒரு பீஸ், கவர்கூடப் பிரிக்காமல். பீட்டர் தயங்கினார். “புதுசு வேணாம்க்கா. உள்ள ஒரு பூச்சு இருக்கும், பல்லு வெளக்குற பேஸ்ட் போட்டு நாலு வாட்டி தேய்ச்சாத்தான் போகும். பழசுதான் நல்லாத் தெரியும்.”

ஒரு நாளைக்கு எத்தனை நூறு ஜோடி பார்க்கிறவள் நான், எனக்கே புதுசு பழசு பாடமா? வாங்கிப் பிரித்தேன். விளிம்பு சுத்தம். பட்டை சுத்தம். கண்ணாடி அப்படியே பளிங்கு. என் சர்வீஸிலேயே அவ்வளவு ஒழுங்கான பீஸைப் பார்த்ததில்லை. “இது பாஸ்” என்று சத்தமாகவே சொன்னேன். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் பழையதையே துப்பித் துப்பி மாட்டிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டதில் நாலு அம்பு. வேண்டுமென்றே பலமாகத் துப்பினார்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, ஆளுக்கொரு பக்கமாக ஒரே ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பீட்டர் வளையத்தை இழுத்துக்கொண்டு போனார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அடியில் ஏதோ மஞ்சளாக அசைந்தது. அப்புறம் கண்ணாடியில் ஆவி பூத்தது. ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்து முழுசாக மூடிக்கொண்டது. மார்கழி மாசம் விடியற்காலை பஸ் கண்ணாடி மாதிரி, வெள்ளை வெளேர் என்று.

தலையைத் தூக்கினேன். பீட்டர் பார்த்தார். “தெரியுதாக்கா?”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘தெரியலை தம்பி, மாத்திக் குடுங்க’ என்றிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் பன்னிரண்டு பேர் முன்னால் ஊரார் மாஸ்க்கையெல்லாம் தள்ளிவிட்டு, ‘பாஸ்’ என்று கத்தி வாங்கியவள் எந்த வாயால் சொல்வது?

“சூப்பரா தெரியுது” என்றேன்.

அரை மணி நேரம் வெள்ளையைப் பார்த்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் குழாய் வழியாக ‘ஊ! ஊ!’ என்று அலறிக்கொண்டே என் தோளைத் தட்டினார். நானும் ‘ஊ’ என்றேன். பீட்டர் என் தலையைப் பிடித்துத் திருப்பி, “அங்க பாருங்கக்கா, ஆமை! ஆமை!” என்று கத்தினார். நான் வெள்ளைக்குள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். கடைசியில் பொறுக்க முடியாமல் மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டு வெறும் கண்ணோடு முகத்தை முக்கினேன். உப்புத் தண்ணீர் மிளகாய்ப்பொடி மாதிரி எரிந்தது. கலங்கலாகத் தெரிந்தது என் வீட்டுக்காரர் முழங்கால் மட்டும்தான். அதைப் பார்க்க அந்தமான் வரை வரத் தேவையில்லை.

திரும்பும்போது படகு முழுக்க ஆமைப் பேச்சு. என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி குதித்தார். “எம்மாம் அழகு! உன்னாலதான் பாத்தேன் சாந்தி. நீ மட்டும் அடம் பிடிக்கலன்னா நான் ஏலகிரியோட நின்னுருப்பேன். பாத்த இல்ல?”

“பாத்தேங்க” என்றேன். கண் எரிச்சல் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உண்மையில் அழுதேன். இரண்டு வருஷம் ஏங்கிய நான் பார்க்கவில்லை, வரவே மாட்டேன் என்றவர் பார்த்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததை அப்படியே நான் பார்த்தது போல ஒப்பித்தேன். வரிவரியாக மீன், பவளப் பாறை, ஆமை பக்கத்தில் வந்தது, திரும்பியது. அவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள்.

“ஆமை இன்னா கலருக்கா?” என்றாள் ரெஹானா.

இதை அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லையே! எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “வெள்ளை.”

“வெள்ளையா?”

“அந்தமான் ஆமை வெள்ளைதான்டீ. சும்மா பால் மாதிரி இருந்துச்சு.”

அன்று சாயங்காலம் அழைத்துப் போக வந்தவரை கம்பெனி கேட்டிலேயே ரெஹானா பிடித்துக்கொண்டாள். “அண்ணா, நெசமாவே வெள்ளை ஆமை பாத்தீங்களாமே?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மனுஷனுக்கு அந்த ஒரு வினாடியில் புதுக் கண்ணாடி, எச்சில், ‘சூப்பரா தெரியுது’ எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. “ஆமாம்மா, வெள்ளைதான். பளிச்னு இருந்துச்சு” என்றார். பைக் தெருமுனை திரும்பும்வரை தாக்குப்பிடித்தார். அப்புறம் ஓரமாக நிறுத்திவிட்டு, ஹாண்டில் மேல் கவிழ்ந்து சிரித்தார் பாருங்கள், போகிறவர்கள் எல்லாம் நெஞ்சு வலியோ என்று நின்று விசாரித்தார்கள்.

அதோடு வீட்டில் என் பரிசோதகர் உத்தியோகம் போய்விட்டது. திரைச்சீலை கோணல் என்றால், “வெள்ளை ஆமையப் பாத்த கண்ணாச்சே, சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்கிறார். நாத்தனாருக்குத் தெரியும், அவள் பிள்ளைகளுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் யாராவது பார்க்காததைப் பார்த்ததாக அளந்தால், “ஆமை இன்னா கலரு?” என்று கேட்டால் போதும், கதை அங்கேயே முடிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்தான் சமைத்தார். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் புருவத்தை மட்டும் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். குனிந்து முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தேன். அன்றைக்குக் குழம்பில் நிஜமாகவே உப்பு இல்லை.