விடுப்பில் போகுமுன் எழுதிக் கொடுத்த நான்கு பொய்கள்

அன்பும் மரியாதையும் ஒருசேர உரித்தான அக்கா அவர்களின் மேலான கவனத்துக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். குடலிறக்க ஆபரேஷனுக்குப் போட்ட தையலைப் பிரித்தாயிற்று, இருமினால் மட்டும் வலிக்கிறது. அங்கு நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'அவர்கள்' போட்டது ஆபீஸ் பழக்கம், கோபித்துக்கொள்ளாதே. கடிதத்தின் நோக்கத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம். ஆகவே சொல்கிறேன்: எனக்கு வேறு வேலை வேண்டும். அத்தானின் கம்பெனியில் எந்த நாற்காலி காலியாக இருந்தாலும் சரி, அவர் காதில் போட்டு வை.

டைப்ரைட்டிங் வகுப்புக்கு என் காதைத் திருகி அனுப்பியவள் நீ. அதனால் உனக்குத்தான் இந்தக் கதையைக் கேட்கும் கடமை இருக்கிறது. டைப்பிஸ்டாகச் சேர்ந்து, ஸ்டெனோவாகி, பி.ஏ. ஆகி, இன்று எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் என்று பலகை மாட்டும் அளவுக்கு வந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமும் ஒரே எம்.டி.யின் அறை வாசலில்தான். அவர் தொண்டையைச் செருமினால் எந்த ஃபைல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் அவர் சேர்மனாகி எட்டாம் மாடிக்குப் போகிறார், கூடவே ஒரே ஒரு உதவியாளர் போகலாம். அது நான்தான் என்று நானும் நம்பினேன், வாசல் வாட்ச்மேனும் நம்பினார். அந்த நேரம் பார்த்துத்தானா எனக்குக் குடல் இறங்க வேண்டும்? பத்து நாள் லீவு. என் நாற்காலியில் உட்கார மூன்றாம் மாடியிலிருந்து ஓர் அம்மணியை அனுப்பினார்கள்.

என்னைவிட நாலு வயதுதான் சின்னவள். ஆபீசே அவளை மின்னல் என்று கூப்பிடுகிறது, டைப் அடிக்கிற வேகத்துக்காம். அந்தக் காலத்தில் நான் அவளைவிட வேகமாக அடித்திருக்கிறேன், ஒரு பயலும் எனக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. அவள் வந்தால் லிஃப்டில் இடம் விடுகிறார்கள், நான் வந்தால் அடுத்த லிஃப்டில் வரச் சொல்கிறார்கள். அவள் மேஜையில் உள்ள தொட்டிச் செடி பூக்கிறது, என் மேஜையில் இருப்பது பிளாஸ்டிக். உன்னிடம் மறைப்பானேன், அக்கா? ஆபரேஷனுக்கு முன்னாலேயே எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

லீவில் போகிறவர் ஒப்படைப்புக் குறிப்பு எழுதித் தர வேண்டும், இது எங்கள் வழக்கம். எம்.டி.க்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். மின்னல் நோட்டும் கையுமாக வந்து நின்றாள். "சார், உங்களுக்குத் தெரிஞ்சதுல பாதி சொன்னாக்கூட எனக்குப் போதும்" என்றாள். எவ்வளவு அடக்கம் பார்! நான் முழுவதையும் எழுதிக் கொடுத்தேன், ஆனால் நான்கு முக்கியமான விஷயங்களைத் தலைகீழாக.

பத்து மணிக்கு முன் அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. நான் 'வந்ததும் வீட்டு நலம் விசாரிக்கவும்' என்று எழுதினேன். காபி கசப்பாக, சர்க்கரையே இல்லாமல்; நான் 'நிறையப் பால், இரண்டு கரண்டி சர்க்கரை' என்றேன். சாப்பாட்டுக்குப் பின் இடைவெளியே இல்லாமல் மீட்டிங் போட வேண்டும். 'ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிடவும்' என்றேன். அவருடைய தம்பி போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட வேண்டும். 'உடனே இணைப்புக் கொடுக்கவும்' என்றேன். இரண்டே நாளில் அவளைத் துரத்திவிடுவார் என்று நிம்மதியாகப் போய் மயக்க ஊசி போட்டுக்கொண்டேன்.

தினமும் படுக்கையில் இருந்தபடி எங்கள் ஆபீஸ் பியூன் அண்ணனுக்குப் போன் போடுவேன். "என்னண்ணே, கத்தினாரா?" என்றால், "யார் கத்தினது? தன் பொண்ணு பரீட்சையைப் பத்தி மின்னல்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டிருந்தாரே" என்கிறார். மறுநாள், "இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடிச்சாருப்பா." அதற்கு மறுநாள், "மதியம் சோபாவுல நல்லாத் தூங்கி எழுந்து வந்து, எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்றாரு. எங்களுக்கே பயமா இருக்கு." அக்கா, தையல் பிய்ந்துவிடுமோ என்று எனக்கும் பயமாக இருந்தது.

எம்.டி.யின் தம்பி விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த மனுஷர் மாதம் தவறாமல் கூப்பிடுவார், பதினோரு வருஷமாக நான்தான் துண்டித்தேன். என்றைக்கோ ஒரு நாள் எம்.டி. "இப்ப வேணாம்" என்றார். அந்த 'இப்ப' எப்போது முடியும் என்று நான் கேட்கவே இல்லை. மின்னல் இணைப்புக் கொடுத்தாளாம். கதவுக்கு வெளியே கேட்கிற மாதிரி இரண்டு பேரும் அழுதார்களாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டும் வந்தாயிற்று. பொறாமையையும் மீறி எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பொறாமை போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று வேலைக்குத் திரும்பினேன். எப்போதும் சாத்தியிருக்கும் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே சிரிப்புச் சத்தம். நான் வழக்கம்போல் கசப்புக் காபியைக் கொண்டுபோனேன். "வச்சிட்டுப் போங்க" என்றார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எட்டாம் மாடி யாருக்கு என்று இதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று வரியில் ராஜினாமா அடித்து டிராயரில் வைத்திருக்கிறேன். பிழையே இல்லை, அதையாவது பாராட்டு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ பல்லாண்டு திடமாக இருந்து என் காதைத் திருக வேண்டும் என்று வேண்டும்,

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மறுநாள் காலையே எம்.டி. கூப்பிட்டார். அவர் கையில் என் ஒப்படைப்புக் குறிப்பு. மின்னல் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, "எல்லாம் சார் எழுதிக் கொடுத்தபடிதான் செஞ்சேன்" என்று அவரிடமே கொடுத்துவிட்டாளாம். "இருபத்திரண்டு வருஷமா இவ்வளவும் தெரிஞ்சு வச்சிருந்தும் ஏன்யா ஒண்ணையும் செய்யலை?" என்றார். "அப்ப அந்தச் சர்க்கரை..." என்று இழுத்தேன். "சேர்ந்த முதல் நாள் நீங்க போட மறந்துட்டீங்க. புது ஆளு, சொன்னா மனசு நொந்துடுவீங்கன்னு குடிச்சிட்டேன். அப்புறம் சொல்ல நேரமே அமையலை" என்றார். எனக்காக அத்தனை வருஷம் கசப்பைக் குடித்திருக்கிறார், அக்கா. பாத்ரூமில் போய் அழுதேன். இவ்வளவு தெரிந்த ஆள்தான் கூட வேண்டுமாம், எட்டாம் மாடிக்கு நான்தான் போகிறேன். அத்தானிடம் எதுவும் சொல்லாதே. சொல்லிவிட்டிருந்தால், அவர் கேட்கும்போது நான் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லிவிடு.

மின்னல் மூன்றாம் மாடிக்கே திரும்பிவிட்டாள். போகும்போது அந்தப் பூச்செடியை என் மேஜையில் வைத்து, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறாள். தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், வெயிலே படக் கூடாது என்கிறது. இதை நம்பலாமா என்று உடனே பதில் எழுது. அதுவரை நான் செடியைத் தொடுவதாக இல்லை.