சோபா எங்கே?

சட்டமன்ற உறுப்பினர் அனுப்பிய செலவுப் பட்டியலின் ஏழாவது வரியில் தணிக்கை குமாஸ்தாவின் பேனா நின்றுவிட்டது. 'மக்கள் சந்திப்பு அறைக்கு சோபா, ஒன்று.' விலை, அவருடைய ஒரு வருஷச் சம்பளம்.

அலுவலகத்தில் அவருக்குக் கேள்விக்குறி என்று பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பில்லைக்கூட அவர் சும்மா விட்டதில்லை. 'சோபா எங்கே?' என்று எழுதி அனுப்பினார்.

பழுது பார்க்கப் போயிருப்பதாகப் பதில் வந்தது. கூடவே பழுது பார்த்த பில். தணிக்கைக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆகும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பது விதி. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு புகைப்படம் கேட்டார். படம் வந்தது; படமெடுத்தவரின் பில்லும் வந்தது. படத்தில் சோபாவுக்குப் பின்னால் நீச்சல் குளம்.

உறுப்பினரின் உதவியாளருக்கு போன் போட்டார்.

"மக்களைக் குளத்துக்குள்ளயா சந்திக்கிறாரு?"

"நீங்களே நேர்ல வந்து பாத்துடுங்க சார்," என்றார் அந்த அம்மாள், மிகவும் பணிவாக.

போனார். சோபா மக்கள் சந்திப்பு அறையில்தான் கிடந்தது. அதைக் கொண்டுவந்த லாரிக்கு ஒரு பில், தூக்கிய நாலு பேருக்கு ஒரு பில், வாசலில் நுழையாததால் சுவரை இடித்துக் கட்டியதற்கு ஒரு பில். அவர் உட்கார்ந்து பார்த்தார். கால்சட்டை நனைந்தது.

மேலாளர் அவரைக் கூப்பிட்டார்.

"ஒரு சோபாவைக் கேக்கப் போய், இப்ப ஒரு வீட்டு விலை ஆயிடுச்சுய்யா. ஃபைலை மூடு. இல்லேன்னா உன் பிரமோஷனை நான் மூடிடுவேன்."

மூன்று வருஷமாகக் காத்திருந்த பிரமோஷன். ஊரைத் திருத்த நீங்கள்தான் கிடைத்தீர்களா என்று மனைவியும் கேட்டாள். அவர் உட்கார்ந்து, ஈரக் கால்சட்டை உட்பட எல்லாவற்றையும் பதினோரு பக்கத்தில் எழுதி உறுப்பினர்களின் செலவை விசாரிக்கும் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. பத்திரிகைகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டன. உறுப்பினர் கேமராக்களுக்கு முன்னால் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, மொத்தப் பணத்துக்கும் செக் கொடுத்தார். மேலாளரே வந்து கேள்விக்குறியின் கையைக் குலுக்கினார். கேள்விக்குறி முதல் தடவையாகத் தன் காசில் பிரிவு முழுவதற்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அந்த உதவியாளர் அம்மாள் ஒரு ஃபைலோடு வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று கேள்விக்குறி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அந்த அம்மாள் முகத்தில் கோபமே இல்லை.

"நீங்க கேட்டீங்கன்னுதானே சார் ஐயா நேத்து அந்தச் செக்கைக் குடுத்தாரு," என்று ஃபைலைத் திறந்தார். "அந்தச் செக் தொகைக்கான இந்த பில்லை எந்தச் செலவுத் தலைப்புல போடணும்?"