பூதக்கண்ணாடியின் செம்பருத்தி வேலி

செஞ்சிக் கோட்டையை மராட்டியர் பிடித்தார்கள், மொகலாயர் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரர்களும் பிடித்தார்கள். ஆனால் பூதக்கண்ணாடி காவல் காத்த செம்பருத்தி வேலியைப் பிடித்தவர் ஒருவரும் கிடையாது.

அறுபதுகளில் நான் செஞ்சியில் பிளாக் ஆபீஸ் டைப்பிஸ்ட். அவர் அங்கே விவசாய அதிகாரி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அதனால் அந்தப் பெயர். ஒரு கல்யாணப் பந்தியில் வாழை இலையைத் திருப்பிப் பார்த்து, அசுவினிப் பூச்சி இருக்கிறது என்று அறிவித்தார். பாதிப் பந்தி எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குப் பத்திரிகை வைப்பதை ஊர் குறைத்துக்கொண்டது.

எங்கள் ஆபீஸ் வாசலில் இரண்டு பக்கமும் செம்பருத்தி வேலி. ஒரு கோடையில் அதில் மாவுப்பூச்சி விழுந்தது. கொழுந்தெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை. அந்த நேரம் பார்த்து மாவட்டத்துப் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. எங்கள் ஆபீசர், வழக்கம்போல, அசையாத பொருள் அத்தனைக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். பாதையோரக் கல் தப்பவில்லை, வேப்பமரத்தின் அடி தப்பவில்லை. வேலிக்கு மட்டும் பூச்சிப் பவுடர் தூவ உத்தரவு.

பூதக்கண்ணாடி குறுக்கே விழுந்தார். "வெள்ளையா இருக்கிறது எல்லாம் திருடன் இல்ல சார். பொறிவண்டோட புழுவும் இதே சொக்கா போட்டுக்கினுதான் இருக்குது. அதுதான் மாவுப்பூச்சிய தின்னுது. பவுடர் தூவினா காவக்காரன்தான் மொதல்ல சாவான்."

இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது என்று ஆபீசர் கேட்டார். ஊசியால் தொட்டால் விறுவிறுவென்று ஓடுவது காவல்காரன், நகராமல் உட்கார்ந்திருப்பது திருடன் என்றார் இவர். ஊர் வழக்கத்துக்கு நேர்மாறாக இருக்கிறதே என்று நான் முணுமுணுத்தேன். பூதக்கண்ணாடி முறைத்தார்.

ஆபீசர் முடிவாகச் சொல்லிவிட்டார். மாவட்டத்துப் பெரியவர் வருவதற்குள் வேலி பச்சையாகாவிட்டால் வேலியைப் பிடுங்கிவிடுவார், பூதக்கண்ணாடியை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி எழுதிவிடுவார். பூதக்கண்ணாடியின் மனைவி அப்போது நிறைமாசம். தண்ணியில்லாக் காட்டுக்கு அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கே போவார்?

அவர் அசரவில்லை. எறும்புதான் மாவுப்பூச்சிக்கு அடியாள், அது பொறிவண்டை அண்டவிடாது என்று சொல்லி, அடித்தண்டுகளில் துணி சுற்றி மேலே கிரீஸ் தடவினார். சுவரைத் தொட்ட கிளைகளை வெட்டினார். ரொம்பவும் கெட்டுப்போன கொழுந்துகளைக் கிள்ளி எரித்தார். பவுடர் மிஷினோடு வந்த ஆளுக்கு முன்னால் கையை விரித்து நின்று, "மொதல்ல எம்மேல அடி" என்றார். அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

வேலி பச்சையாவதற்குள் ஜீப் வந்துவிட்டது. சுண்ணாம்பு வெள்ளையில் கண் கூச இறங்கிய பெரியவர் வேலியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே, வேலிக்குக்கூட மருந்து தூவி வச்சிருக்கீங்க" என்றார்.

எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆபீசர் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டால் எல்லாரும் பிழைத்தோம்.

"அது மருந்து இல்லீங்க ஐயா, பூச்சி" என்றது ஒரு குரல். யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

சட்டைப் பையிலிருந்த கண்ணாடியையும் ஒரு ஊசியையும் எடுத்து நீட்டினார். பெரியவர் வேறு வழியில்லாமல் குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. ஓடுகிறது, ஓடுகிறது என்று சின்னப் பிள்ளைபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலியை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். பூதக்கண்ணாடியைத் தொடக் கூடாது என்று உத்தரவு எதுவும் இல்லை. முகத்தில் கரி பூசப்பட்ட ஆபீசர் எழுத வேண்டியதை எழுதினார். வேலி துளிர்விடத் தொடங்கிய வாரம் மாற்றல் வந்தது.

பஸ் ஸ்டாண்டில் நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்றேன்.

"மூடிக்கினு இருந்தா, அந்தாளு அடுத்த ஊர்லயும் பூச்சியத்தான் மருந்துன்னு சொல்லிக்கினு போயிருப்பாரு" என்றார் அவர்.

பஸ் ஜன்னலோரம் வயிற்றைத் தாங்கி உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்தார். "அவர திட்டாதீங்கண்ணா. அன்னிக்கு அவரு பேசாம வீட்டுக்கு வந்திருந்தா நான்தான் பேசாம இருந்திருக்க மாட்டேன்."

பஸ் புறப்பட்டது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த மனுஷன் இல்லாத ஆபீசுக்குத் திரும்பிப் போக மனசே வரவில்லை.