பகல் தூக்கத்துக்கு வந்த மசோதா

உலகமே இடிந்து விழுந்தாலும் பகல் ஒரு மணிக்கு ஆதிமூலம் வளையல் கடையைச் சாத்திவிடுவார். கடைக்குள்ளேயே பாயை விரித்தால் நாலு மணி வரை தூக்கம். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்தத் தெரு முழுவதும் அப்படித்தான். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான். அவன் பழக்கிய பகல் தூக்கம் மட்டும் புதுச்சேரியை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டது.

அதன் தலையில் சட்டசபை கல்லைத் தூக்கிப் போட்டது. இனி எந்தக் கடையையும் பகலில் மூடக் கூடாதாம். மசோதா வருகிறதாம்.

எதிர்ப் பாத்திரக்கடை காத்தவராயன் வேட்டி அவிழ ஓடி வந்தார்.

"அண்ணே, குடி முழுவிப் போச்சு! சாயந்திரம் வரைக்கும் முழிச்சிருக்கணுமாம்!"

"சாயந்திரம் வரைக்குமா? மனுசன் தாங்குவானாய்யா?"

ஊர் இரண்டாகப் பிளந்தது. மில் ஆட்கள் மசோதா பக்கம், கடைக்காரர்கள் எதிர்ப் பக்கம். முடிதிருத்தும் கடையில் வாக்குவாதம் முற்றி, ஒருவர் பாதி மீசையோடு எழுந்து போனார்.

"உயிர் போனாலும் போகட்டும், தூக்கத்த விடமாட்டேன்!" என்று தெருவில் முழங்கிய ஆதிமூலம், வீட்டுக்குள் நுழையும்போது குரலைத் தணித்துக்கொண்டார். பகலில் தூங்குவதைக் கண்டாலே அவர் மனைவி குஞ்சம்மாளுக்கு ஆகாது. இன்றைக்கு என்ன கிடைக்குமோ?

"என்னாங்க, இத விடவே கூடாது" என்றாள் அவள்.

"என்னா சொன்ன?"

"தெனமும் பகல்ல போயி சட்டசபை வாசல்ல நில்லுங்க. அவங்க சாப்புட வெளிய வர்ற நேரம் அதான். தெருக்காரங்க அத்தினி பேரையும் கூட்டிக்கினு போங்க. நான் புளிசோறு கட்டித் தரேன்."

"அப்ப என் தூக்கம்?"

"தூக்கத்துக்காவ தூக்கத்த விடறீங்க. எவ்ளோ பெரிய தியாகம்!"

தியாகி உச்சி வெயிலில் நின்றார். கொட்டாவிக்கு நடுவே கோஷம் போட்டார். மாலையில் கடை திறந்தால் பச்சை வளையல் தொங்கிய கம்பி காலியாக இருக்கும்.

"எங்கடி குஞ்சு, பச்சையெல்லாம்?"

"எலி தள்ளி ஒடச்சிடுச்சிங்க. நீங்க நாட்டு வேலையப் பாருங்க."

ஓட்டெடுப்பு நாள் வந்தது. சட்டசபைக்கு எதிரே, பூங்காவில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து காத்தவராயன் துண்டைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தார்.

"தோத்துச்சி! ஒரே ஓட்டுல மசோதா தோத்துச்சி!"

வெடி வெடித்தது. ஆதிமூலத்துக்கு ரோஜா மாலை விழுந்தது. தோளில் தூக்கி ஊர்வலம் கிளப்பினார்கள். "தூக்கம் காத்த தலைவர் வாழ்க!" அவருக்குக் கண் கலங்கியது. தெரு முனைக்கு வந்தபோது மணிக்கூண்டு இரண்டு அடித்தது. 'வாழ்க' பாதியில் கொட்டாவியாகிவிட, தலைவரைத் தோளிலிருந்து இறக்கினார்கள்.

"கண்ணு சொக்குதுண்ணே. நாலு மணிக்கு மேல வாழ்த்தறோம்."

ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. கடல் காற்று மட்டும் தெருவில் தனியாக நடந்தது. மாலையும் கழுத்துமாக, பாயை நினைத்தபடி வந்த ஆதிமூலம் அப்படியே நின்றார்.

அவர் கடை திறந்திருந்தது.

காலை ஷிப்ட் விட்டு வந்த மில் பெண்கள் வாசல் வரை நின்றார்கள். அவர் பாயில் நாலு பேர் கை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். குஞ்சம்மாள் ஒருத்தியின் கைக்குச் சோப்பு நுரை தடவி வளையலை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! என்னாடி இது?"

"நீங்க கோஷம் போடப் போனதுலேந்து தெனமும் நடக்கறதுதாங்க. இவங்க ஷிப்ட் விட்டு வர்ற நேரத்துல ஊர்ல ஒரு கடை தொறந்திருக்கா?"

"அதுக்குத்தானேடி மசோதா வந்துச்சி! அத எதுக்க நீதான என்னைய அனுப்புன?"

"பின்ன? அது நெறவேறியிருந்தா எல்லாக் கடையும் தொறந்திருக்கும். நம்ம கடைய யாருங்க தேடி வருவாங்க?"

பாயில் இருந்தவள், "நல்லா இருக்கணும்ணே நீங்க" என்றாள்.

ஆதிமூலம் குரலைத் தாழ்த்தினார். "தெருவுல தெரிஞ்சா என் மானம் என்னாடி ஆவறது?"

"எப்பிடித் தெரியும்? எல்லாரையும்தான் நீங்க தூங்க வெச்சிட்டீங்களே. அந்த மாலையக் கழட்டிட்டு, செவப்பு வளையல் பெட்டிய எடுங்க. கொட்டாவி விடாதீங்க, ஆளுங்க நிக்கறாங்க."